ஹட்டனில் தைக்கப்படும் பொம்மை உடைகள்: ஒரு கடையின் மதிப்பீடு

மலையகத்தின் ஹட்டன் நகரில் தையற் சாமான்கள் விற்கும் சிறிய கடையொன்று, பார்பி அளவிலான பொம்மைகளையும் அவற்றுக்கென அயல் தேயிலைத் தோட்டங்களின் பெண்கள் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் உடைகளையும் தனி அலுமாரியில் வைத்திருக்கிறது. பொம்மைகள் மலிவான பிரதிகள். முழங்கால் மடங்காது, தலைமுடியும் ஓரங்களில் மாத்திரமே நடப்பட்டிருக்கிறது. அங்கு செல்ல வேண்டியது உடைகளுக்காகவே.

உடைதான் இவ்வகைப் பொம்மையின் உயிர். ஜேர்மனியின் லில்லி பொம்மையைக் கண்டு ஊக்கம் பெற்ற, மாட்டெல் பொம்மை நிறுவனத்தின் இணை நிறுவனர் ரூத் ஹேண்ட்லர், 1959 மார்ச்சில் நியூயோர்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பியை அறிமுகப்படுத்தியபோது அதன் விலை 3 டொலர்; ஒரு பொம்மையை வாங்கிய வீட்டார் அதற்குப் புதிது புதிதாக உடைகள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பதே மாட்டெல் நிறுவனத்தின் கணக்கு. சார்லட் ஜோன்சன் வடிவமைத்த அந்த ஆரம்பகால உடைகளை ஜப்பானியப் பெண்கள் தம் வீடுகளில் இருந்தபடி தைத்தார்கள். அதே உழைப்பு இன்று நம் தோட்டங்களின் லயன் வீடுகளில் நடக்கிறது என்பதாலேயே இக்கடை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கொழுந்து பறிப்பவரின் உடைத் தொகுதிதான் அங்குள்ளவற்றில் மிகச் சிறந்தது. சேலை, இடுப்பில் கட்டும் படங்கு, சிறு கூடை ஆகியவை தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை. வழுக்கும் செயற்கை முடியில் கூடைக் கயிறு நிற்காது என்பதை அறிந்து, மலையில் செய்வதுபோலவே முதலில் தலைத்துண்டைக் கட்டி அதன்மேல் கயிற்றை மாட்டும்படி தைத்திருக்கிறார்கள். அந்த வேலையை நாளாந்தம் செய்த கை மாத்திரமே இதனை யோசித்திருக்க முடியும்.

குறைகளும் உண்டு. சில சட்டைகளில் அழுத்துப் பொத்தானுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டி (வெல்குரோ) வைத்திருப்பதால், மாட்டும்போது பொம்மையின் முடி அதில் சிக்கிப் பிய்கிறது. மாட்டெல் 2016இல் உயரமான, குட்டையான, பருத்த உடல்வடிவங்களையும் வெளியிட்ட பின்னர் எல்லா உடையும் எல்லாப் பொம்மைக்கும் பொருந்துவதில்லை. இங்கோ அளவுச்சீட்டு கிடையாது. ஆகவே வீட்டிலுள்ள பொம்மையைக் கையோடு கொண்டுசென்று அளவு பார்த்து வாங்குவது நல்லது.

என்னை உண்மையில் வருத்தியது, அலுமாரியிலுள்ள பொம்மைகள் யாவும் வெளுத்த தோலும் பொன்னிற முடியும் கொண்டிருப்பதே. பார்பியின் தோழியாகக் கிறிஸ்டி என்ற கறுப்பினப் பொம்மை 1968இலும், பார்பி என்ற பெயரையே தாங்கிய முதலாவது கறுப்பினப் பொம்மை 1980இலும் வந்துவிட்டன. படங்கு கட்டிய தன் அம்மாவைப் பொம்மையில் தேடும் நம் பிள்ளைக்கு அந்த முகமும் கிடைக்க வேண்டும். மாநிறப் பொம்மைகளையும் தருவிக்குமாறு கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அங்கு செல்லும் நீங்களும் தயவுசெய்து கேளுங்கள்.