மடக்குத் தடியோடு நான்கு வருடம்

2021 ஜூனில் 650 ரூபாய்க்கு வாங்கிய அலுமினியக் கைத்தடி. நான்காக மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். ஆனால் முதல் எட்டு மாதம் அது பீரோவுக்குப் பின்னால்தான் கிடந்தது. முப்பத்தாறு வயதில் தடி ஊன்றி நடக்கக் கூச்சம்.

எனக்கு மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். எம்எஸ் என்போம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கிற நோய். 2019-ல் இடது கண்ணில் ஆரம்பித்தது. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்றினேன், பி12 ஊசி போட்டுக்கொண்டேன். எம்ஆர்ஐ எடுப்பதற்குள் ஒரு வருடம் ஓடி, வலது காலும் இழுக்க ஆரம்பித்திருந்தது.

சரி, தடிக்கு வருகிறேன். தளர்ந்தது வலது கால்தானே என்று வலது கையிலேயே பிடித்தேன். தோள்பட்டை வலிதான் மிச்சம். பிசியோதெரபி மேடம் பார்த்ததும் சிரித்துவிட்டார். "வலது கால்னா தடி இடது கையில இருக்கணும்மா. ரெண்டும் சேர்ந்து முன்னால போகணும்." செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டுமாம். இரண்டு ஓட்டை இறக்கிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் தடி தடியானது.

பெரிய குறை அடி ரப்பர். ஐந்தாறு மாதத்தில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடுகிறது. பாத்ரூம் வாசலில் ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு, மாதம் ஒரு தடவை கவிழ்த்துப் பார்க்கிறேன். புதுசு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், அளவு மாறும். மூன்றாம் வருடம் உள்ளே ஓடும் எலாஸ்டிக் தொய்ந்தது. கடையில் வேறு தடி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் தெரு டெய்லர் உருட்டு எலாஸ்டிக்கை இரட்டையாகக் கோத்துக் கொடுத்தார், இன்னும் நிற்கிறது.

எதிர்பாராத லாபம் பஸ்ஸில். முன்பெல்லாம் நான் உட்கார்ந்திருந்தால், "வயசுப் பொண்ணு எந்திரிக்குதா பாரு" என்று காதுபடவே சொல்வார்கள். தடியைப் பார்த்தால் அவர்களே நகர்ந்து இடம் தருகிறார்கள். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டப் பட்டியலில் எம்எஸ் இருப்பதும், அட்டைக்கு நானும் விண்ணப்பிக்கலாம் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

தடியால் ஆகாதது திருச்சி வெயில். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே என் கால் ஈரத்துணி மாதிரி துவண்டுவிடும், கண்ணும் மங்கும். நோய் முற்றிவிட்டதென்று முதல் கோடையில் அழுதிருக்கிறேன். ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். உடம்பு குளிர்ந்தால் பழையபடி ஆகிவிடும், நரம்புக்குப் புதுச் சேதம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து. மீதிப் பாதி காலையும் இரவும் போடும் மாத்திரை. அது நோயை விரட்டாது, அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடும். சித்திரையில் மார்க்கெட் வேலையை ஏழு மணிக்குள் முடித்துவிடுவேன். கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் நரம்பு இளகும் என்கிற பக்கத்து வீட்டு அத்தைக்கு மட்டும் இன்னும் புரியவைக்க முடியவில்லை.

போன மார்கழியில், குளிர் இருக்கும்போதே, மலைக்கோட்டைக்குப் போனேன். செருப்பைக் கீழே விட்டதால் தடியை ஒரு ஓட்டை இறக்கி, மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான்கு இடத்தில் உட்கார்ந்து, தாயுமானவர் சன்னதி வரை ஏறிவிட்டேன். உச்சிப் பிள்ளையார் அடுத்த மார்கழிக்கு. அதற்குள் இரண்டு ரப்பராவது தேய்ந்திருக்கும்.