ஸ்பிரிட் கார்டியன்ஸ்: 2014 விதியா, 2024 விதியா?

பாத்திரங்களாக மாறிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதிக வாக்குவாதத்தைக் கிளப்பும் மந்திரம் ஃபயர்பால் இல்லை. க்ளெரிக் என்ற பூசாரிப் பாத்திரத்தைச் சுற்றி 15 அடிக்குச் சுழலும் ஸ்பிரிட் கார்டியன்ஸ்தான். 2014, 2024 என்ற இரண்டு விதிப்புத்தகப் பதிப்பிலும் நீண்ட நாள் ஆடியபின் தோன்றுவது: 2024 விதி பழைய குழப்பத்தைத் தீர்த்துவிட்டது, கூடவே புது ஓட்டை ஒன்றையும் போட்டுவிட்டது.

2014 புத்தகப்படி, எதிரி ஒரு டர்னில் (ஒருவர் ஆடும் முறையில்) முதல்முறை வட்டத்துக்குள் நுழைந்தாலோ, தன் டர்னை உள்ளே தொடங்கினாலோ விஸ்டம் சேவ், அதாவது பாதிப்பைத் தடுக்கப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் 3டி8 (மூன்று எட்டுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை) சேதம், ஜெயித்தால் பாதி. நுழைய வேண்டியது எதிரி. க்ளெரிக் நடந்துபோய் வட்டத்தை அவன்மேல் கவிழ்த்தால் அது கணக்கில் வராது. அவன் டர்ன் வரும்வரை பொறுக்க வேண்டும். மூன்பீம் என்ற மந்திரத்துக்கும் இதே கதைதான். மந்திரம் போட்டதுமே பகடையைக் கையில் எடுப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே டிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) தொண்டை வற்றிவிடும். விலக்கு தர வேண்டிய கூட்டாளிகளும் மந்திரம் போடும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டும்; ஒளிந்திருக்கும் ரோக் (திருடன் பாத்திரம்) பாடு திண்டாட்டம்.

2024-இல் வட்டம் எதிரியின் இடத்துக்குள் வந்தாலே சேவ். டர்ன் தொடக்கத்துக்குப் பதில் டர்ன் முடிவு. ஒரு டர்னுக்கு ஒரு சேவ்தான் என்ற வரம்பும் உண்டு. ஆனால் அது டர்னுக்கு, எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ரவுண்டுக்கு இல்லை. க்ளெரிக் எதிரியை உரசிவிட்டு விலகி நிற்கிறார். கூட்டாளியான ஃபைட்டர் தன் டர்னில் க்ளெரிக்கை இழுத்துக்கொண்டு போய்த் திரும்புகிறார்: இன்னொரு சேவ். இன்னொரு கூட்டாளியான மங்க் டர்னில் மறுபடி. ஒவ்வொரு முறையும் எதிரி வட்டத்துக்கு வெளியே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று சேவும் தோற்றால் சராசரி 40 புள்ளி சேதம்; அதே மூன்றாம் நிலை ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவழிக்கும் வாய்ப்பில்) ஃபயர்பால் சராசரி 28. அதுவும் ஒரே தடவை. கார்டியன்ஸோ, கான்சன்ட்ரேஷன் (க்ளெரிக் மந்திரத்தின் மேல் வைக்கும் கவனம்) உடையாவிட்டால் 10 நிமிடம் நிற்கும்.

ரவுண்டுக்கு ஒரே சேவ் என்று அடைத்தால் மந்திரம் சோப்ளாங்கி ஆகிவிடும். நன்றாக ஓடும் திருத்தம் இது: க்ளெரிக் தன் டர்னில் நகர்ந்தால் மட்டுமே வட்டம் "வந்ததாக" எடுத்துக்கொள்வது. எதிரியை உள்ளே தள்ளினால் யார் டர்னானாலும் சேவ் உண்டு. தள்ளுபவர் அதற்கென்று தாக்குதலையோ ஸ்லாட்டையோ செலவழிக்கிறாரே. இனிஷியேட்டிவ் தாளில் (யாருக்குப் பின் யார் ஆடுவது என்ற வரிசையில்) சேவ் போட்டவர் பெயரருகே ஒரு டிக், டர்ன் மாறியதும் அழித்துவிடலாம்.

எந்தப் பதிப்பு என்பதைக் கேம்பெய்ன் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். கேரக்டர் ஷீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்.