87 டாப்ஸா, 89 அப்பர் டெக்கா: பழைய பேக் பிரிச்சு டீம் கட்ட எது சரி

நியூஜெர்சி குளிர்ல சனிக்கிழமை ராத்திரி வேற என்ன பண்றது, அதனால நாங்க நாலு பேர் ஒரு ஆட்டம் ஆரம்பிச்சோம். 80கள்ல வந்த, இன்னும் பிரிக்காத பேஸ்பால் கார்டு பாக்ஸ் ஒண்ண பங்கு போட்டு வாங்குறது, 36 பேக், ஆளுக்கு 9 பேக் பிரிக்கிறது, கைல வந்தவங்கள வச்சே டீம் கட்டுறது. கார்டு பின்னாடி கடைசி வரில இருக்குற சீசன் கணக்குதான் (கார்டு வந்த வருஷத்துக்கு முந்தின சீசன்) ஸ்கோர். பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (அடிச்சு உள்ள கொண்டுவந்த ரன்), ஸ்டோலன் பேஸ் (அடி இல்லாமலே ஓடித் திருடின பேஸ்), பந்து வீசுற பிட்சருக்கு வெற்றி, சேவ் (ஜெயிக்கிற ஆட்டத்த கடைசில காப்பாத்துனது), ஸ்ட்ரைக் அவுட், ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி, கம்மிதான் நல்லது). ஒவ்வொண்ணுலயும் முதல் ஆளுக்கு 4 பாயின்ட், கடைசி ஆளுக்கு 1. 1980ல டேனியல் ஓக்ரென்ட் ஆரம்பிச்ச ரோட்டிசரி முறையத்தான் (நிஜ ஆட்டக்காரங்க கணக்க வச்சு கற்பனை டீம் ஆடுறது) கொஞ்சம் மாத்திக்கிட்டோம். ஸ்கூல்ல ட்ரம்ப் கார்டு ஆடுனவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடும்.

இதுவரைக்கும் 87 டாப்ஸ் ரெண்டு பாக்ஸ், 89 அப்பர் டெக் ஒரு பாக்ஸ் முடிச்சாச்சு (ரெண்டும் கார்டு கம்பெனி, நம்பர் கார்டு வந்த வருஷம்). நான் டாப்ஸ் கட்சி, முன்னாடியே சொல்லிடுறேன்.

அழகுன்னு பாத்தா அப்பர் டெக்தான், அதுல பேச்சே இல்ல. வெள்ளை கார்டு, பின்னாடியும் கலர் போட்டோ, ஹாலோகிராம், ஃபாயில் பேக். டாப்ஸ் மெழுகு பேப்பர் பேக், மரப்பலகை மாதிரி பார்டர், உள்ள கல்லாகிப்போன பபிள்கம் ஒண்ணு, அது ஒட்டியிருந்த கார்டுல கறை. (எங்கள்ல ஒருத்தன் அந்த கம்ம வாயில போட்டான். சுண்ணாம்பா உதிருதுன்னு துப்பிட்டான்.) ஆனா டாப்ஸ் பேக்குக்கு 17 கார்டு, அப்பர் டெக்குக்கு 15. ஆளுக்கு 18 கார்டு கூட வருது, கேட்சர் (பேட்டருக்குப் பின்னாடி பந்து பிடிக்கிறவர்) தேடும்போது இதோட அருமை தெரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் டாப்ஸ் பக்கம் சாய ஒரே காரணம் காசு. வாங்குற காசு மட்டும் இல்ல, விக்கிற காசு.

அப்பர் டெக் பாக்ஸ் ஏன் பல மடங்கு விலைன்னா முதல் நம்பர் கார்டு, கென் கிரிஃபி ஜூனியரோட ரூக்கி, அதாவது முதல் வருஷ கார்டு. அதத் தேடித்தான் எல்லாரும் வாங்குறாங்க. ஆனா நம்ம ஆட்டத்துல அந்த கார்டு சுத்த முட்டை. அவரு மேஜர் லீக்ல இறங்கினதே 1989 ஏப்ரல்லதான், 88 சீசன் கணக்கு எங்கிருந்து வரும்? ஆக மேசைல உக்காந்திருக்குற நாலு பேரும் ஸ்கோருக்கு உதவாத ஒரு கார்டத் தேடி பேக் பிரிக்கிறோம். எங்க பாக்ஸ்ல அது வந்துச்சு. வந்த நிமிஷத்தோட ஆட்டம் முடிஞ்சுது. "என் பேக்ல வந்துச்சு, என்னோடது" ன்னு அவன், "மச்சி, பாக்ஸ் நாலு பேர் காசு" ன்னு இன்னொருத்தன், உடனே ஃபோன எடுத்து விலை பாக்குறது, கிரேடிங்குக்கு (கார்டு நிலைமைக்கு மார்க் போடுறது) அனுப்பலாமா, மூலை மழுங்கியிருக்கா... ஹோசே கான்செக்கோ 88ல 42 ஹோம் ரன், 40 ஸ்டோலன் பேஸ், ஒரே சீசன்ல ரெண்டுலயும் 40 தொட்டு முதல்முதலா 40-40 போட்ட ஆளு, அவரு கார்டு ஓரமா கெடக்கு, எடுக்க ஆள் இல்ல. கடைசில டீம் கட்டவே இல்ல, பீட்சா ஆறிப்போச்சு.

87 டாப்ஸ்ல இந்த வம்பே கிடையாது. அந்த காலத்துல அளவு கணக்கில்லாம அடிச்சுத் தள்ளினதால பாக்ஸ் இன்னும் மலிவு, உள்ள இருக்குற பெரிய பேருக்குக்கூட பெருசா விலை இல்ல. மார்க் மெக்வயர் வந்தா சும்மா ஒரு சிரிப்பு, ஏன்னா பின்னாடி 86 கணக்கு 3 ஹோம் ரன்தான் (அடுத்த வருஷமே 49 அடிச்சாரு, அது நமக்கு சேராது). பாரி பாண்ட்ஸ் பேட்டிங் சராசரி .223தான், ஆனா 36 ஸ்டோலன் பேஸ் இருக்கே, கடைசி அவுட்ஃபீல்டரா வச்சுக்கலாம். உண்மையான புதையல் வேற. வின்ஸ் கோல்மன் 107 ஸ்டோலன் பேஸ், அந்த ஒரு ஆள் வந்தா அந்த கணக்குல 4 பாயின்ட் கிட்டத்தட்ட உறுதி. டேவ் ரிகெட்டி 46 சேவ். மைக் ஸ்காட் 306 ஸ்ட்ரைக் அவுட். காசுக்கு யாரும் சீந்தாத இந்த கார்டுக்கு எங்க மேசைல ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேரம் நடந்துச்சு. கேரி கார்ட்டர் கெடச்சவன் (கேட்சர், 105 ஆர்பிஐ) ஒரு மணி நேரம் ராஜாவா இருந்தான், அவன்கிட்ட ரெண்டு கேட்சர், எனக்கு ஒண்ணு கூட உருப்படியா இல்ல, ரிகெட்டியக் குடுத்துதான் அவனோட இன்னொரு கேட்சர வாங்குனேன்.

டாப்ஸ்ல குறையே இல்லையான்னா, இருக்கு. பிட்சர் கார்டுல எத்தனை ஹிட் குடுத்தாருன்னு போடல, அதனால விப் கணக்கு (ஒரு இன்னிங்ஸுக்கு விட்ட ஹிட், வாக்) போட முடியாது, அதுக்கு பதிலாத்தான் ஸ்ட்ரைக் அவுட் வச்சிருக்கோம். மேனேஜர் கார்டு, செக்லிஸ்ட்டுன்னு வீணாப்போற கார்டும் உண்டு. ஏற்கனவே கார்டு இருக்குற ஆளுக்கு ரெண்டாவதா வர்ற ஆல் ஸ்டார் கார்ட தனி ஆளா எண்ணலாமான்னு சண்டை வரும், முன்னாடியே பேசி வச்சுக்குங்க. நாங்க கூடாதுன்னு வச்சோம்.

88 டான்ரஸ் (இன்னொரு கார்டு கம்பெனி) பத்தியும் கேப்பீங்க. நான் நாலஞ்சு பேக்தான் பிரிச்சிருக்கேன், முழு பாக்ஸ் ஆடுனதில்ல, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். அதுவும் மலிவுதான். 87 சீசன் கணக்கு வரும், மெக்வயர் 49, ஆண்ட்ரே டாசன் 49, ஜார்ஜ் பெல் 47ன்னு ஹோம் ரன் மழை அடிச்ச வருஷம், எல்லார் கைலயும் அடிக்கிறவங்க இருந்தா பேரம் சப்புன்னு போயிடுமோன்னு ஒரு சந்தேகம் எனக்கு.

அந்த கிரிஃபி கார்டு இப்போ ஒரு பிளாஸ்டிக் உறைல என் வீட்டு டிராயர்ல நாலு பேருக்கும் பொதுவா கெடக்கு. விக்கணும்னா நாலு பேரும் ஒத்துக்கணும், இன்னும் ஒத்துக்கல. மூணாவது டாப்ஸ் பாக்ஸ் வந்து சேர்ந்தாச்சு, இந்த தடவை உருப்படியான கேட்சர் வராம ரிகெட்டிய விட மாட்டேன்.