நர்ஸ் சங்க உதவிச் சேவை: போன் மோசம், ஆள் கெட்டி (4/5)

இங்கிலாந்தில் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனை ஒன்றில் ஏழு வருடமாக நர்ஸ் வேலை. 2023-இல் எங்கள் வார்டில் ராத்திரி ஷிஃப்ட் பெரும்பாலும் எனக்கும் கேரள, பிலிப்பைன்ஸ் பெண்களுக்கும்தான் விழுந்தது. கேட்டால், 'நீங்களே விரும்பிக் கேட்டதுதானே' என்றார் மேனேஜர். நான் எங்கே கேட்டேன்?

மாதச் சந்தா கட்டும் சங்கத்தை அழைத்தேன். 40 நிமிடம் பாட்டுதான் ஓடியது. ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் போனது.

அப்புறம் வந்த பிரதிநிதி அம்மா வேறு ரகம். டீ ஆறும்வரை புலம்ப விட்டார். பிறகு 12 வார ரோஸ்டரை (ஷிஃப்ட் அட்டவணையை) விரித்து, பெயர் பெயராக இரவுகளை எண்ணச் சொன்னார். எனக்கு 29. வெள்ளைக்காரத் தோழிக்கு 8. 2015 முதல், மருத்துவமனைகளை நடத்தும் என்எச்எஸ் டிரஸ்ட்டுகள் வெளியிட வேண்டிய இனவாரி ஊழியர் கணக்கையும் அச்செடுத்து வந்திருந்தார். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக, சம்பவம் நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அப்போது அவகாசம் இருந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

அவ்வளவு தூரம் போகவில்லை. அடுத்த ரோஸ்டரே மாறிவிட்டது. மன்னிப்பு? அதெல்லாம் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் முதல் சம்பளத்திலேயே சேர்ந்துவிடுங்கள். பிரச்சினை வந்தபின் சேர்ந்தால் பழைய வழக்கைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.