பாளையங்கோட்டையில் முழங்கால் வலியும் பாத எரிச்சலும்

இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து பாளையங்கோட்டைக்குச் சென்ற இம்முறைப் பயணத்தில் உறவினர் வீடுகளைக் காட்டிலும் மருத்துவர்களின் முன்னறைகளில்தான் அதிக நேரம் கழிந்தது. அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். எனக்குச் சர்க்கரை நோயின் கூடவே வந்த பாத எரிச்சலும் மதமதப்பும். ஊரில் இவ்விரண்டையும் "நரம்பும் மூட்டும் சரியில்லை" என்று ஒரே பேச்சில் சேர்த்துவிடுகிறார்கள்; ஒரே தைலம், ஒரே சத்து மாத்திரை, ஒரே பத்தியம் இரண்டுக்கும் சொல்லப்படுகிறது. மூட்டுக்கு இதம் தருவது நரம்பு கெட்ட பாதத்துக்குக் கேடாகக்கூடும் என்பதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவாகவே இருந்தார்கள். பெற்றோரைப் பார்க்க வரும் பயணத்திலேயே மருத்துவ வேலைகளையும் முடித்துவிட நினைப்போருக்காக, கிடைத்த சேவைகளைப் பற்றி எழுதுகிறேன்.

இரத்தப் பரிசோதனை விஷயத்தில் ஊர் பிரிட்டனை எளிதாக முந்திவிடுகிறது. முதல் நாள் மாலை தொலைபேசியில் சொல்லிவிட்டால், மறுநாள் விடிந்ததும் ஆள் வீட்டுக்கே வந்து வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துச் செல்கிறார். மாலைக்குள் முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஆனால் தேவையான சோதனைகளை மட்டும் கேட்டால் அரை மனத்தோடுதான் எழுதிக்கொள்கிறார்கள். எழுபது, எண்பது சோதனைகள் அடங்கிய "முழு உடல் பேக்கேஜ்" ஒன்றைத் தலையில் கட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். குடும்ப மருத்துவரிடம் முதலில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டதால் நாங்கள் தப்பினோம். எனக்கு எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை), வைட்டமின் பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின். அம்மாவுக்கு யூரிக் அமிலம், உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி. முடக்கு வாதத்துக்கான ஆர்ஏ பரிசோதனையை மருத்துவர் எழுதவில்லை. காலையில் எழுந்ததும் அம்மாவுக்கு ஏற்படும் மூட்டு இறுக்கம் சில நிமிடங்களில் தளர்ந்துவிடுகிறது. கைவிரல் மூட்டுகளில் வீக்கமும் இல்லை. முடக்கு வாதமாக இருந்தால் அந்த இறுக்கம் அரை மணி நேரத்துக்கும் மேல், பல வேளைகளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் என்றும், நோய் இல்லாத முதியோர் சிலருக்குக்கூட அந்தப் பரிசோதனை நேர்மறையாக வந்து வீண் பயத்தைக் கிளப்பும் என்றும் விளக்கினார். இத்தனை பொறுமையாக விளக்கிய மருத்துவர் அந்தப் பயணம் முழுவதிலும் வேறு எவரும் இல்லை.

என் பி12 அளவு 170-க்கும் கீழே இருந்தது. சைவக் குடும்பம், பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. இவ்விரண்டும் சேர்ந்தால் வரக்கூடியதுதான். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தால் பி12 குறையலாம் என்பதால், அறிகுறி உள்ளவர்களுக்கு அதைச் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022 ஜூனில் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. மெட்ஃபார்மின் எடுக்கும் சைவ உணவுக்காரர்கள் இந்த ஒரு சோதனையைத் தாமாகவே கேட்டுப் பெற வேண்டும் என்பேன்; ஏனெனில் பி12 குறைவால் வரும் எரிச்சலும் சர்க்கரையால் வரும் எரிச்சலும் பாதத்தில் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் முன்னது ஊசியாலும் மாத்திரையாலும் சரிசெய்யக்கூடியது. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 நிறைந்திருப்பதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே செய்திகள் வந்து குவிந்தன. பழைய சோற்றின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் நொதித்த சோற்றை நம்பி பி12 குறைவைச் சரிசெய்துவிட முடியாது. சைவ உணவில் பாலும் தயிரும்தான் ஓரளவு நம்பத்தக்கவை. குறைவு வந்துவிட்ட பிறகு அவையும் போதாது. ஊரில் "நரம்பு ஊசி" என்று சொல்லப்படும் மெத்தில்கோபாலமினை, அதாவது பி12-இன் ஒரு வடிவத்தை, தெருமுனை மருந்துக் கடையில் சீட்டில்லாமலேயே தரத் தயாராக இருந்தார்கள். நான் மருத்துவரிடமே போட்டுக்கொண்டு, மருந்தின் பெயரையும் அளவையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

சர்க்கரை நோய் மையம் ஒன்றில் பாதத்தைச் சோதித்த விதம் மனநிறைவு தந்தது. பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டும், அதிர்வுக் கருவியைப் பெருவிரலில் வைத்தும், எந்த இடத்தில் உணர்வு மங்கியிருக்கிறது என்று ஒரு படத்தில் குறித்துத் தந்தார்கள். வலது பாதத்தின் முன்பகுதியில் எனக்கு உணர்வு குறைந்திருக்கிறது. அதைக் கேட்டதும் வீட்டில் பெரியம்மா செய்த முதல் காரியம், கல் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரை ஒரு வாளியில் கொண்டுவந்து வைத்ததுதான். அம்மாவின் முழங்காலுக்குச் சூடு நல்லதாயிற்றே என்பது அவர் நியாயம். உணர்வு மங்கிய பாதத்துக்குச் சூட்டின் அளவு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். வெந்நீர்ப் பை, சூடான மணல் ஒத்தடம், கால்மாட்டில் வைக்கும் ஹீட்டர் எல்லாமே எனக்கு விலக்கு என்று அந்த மையத்திலேயே அச்சிட்ட தாளில் இருந்தது. அதைக் காட்டித்தான் பெரியம்மாவைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

கோயிலுக்கும் இதே கணக்குத்தான். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தின் கருங்கல் தளம் நண்பகலில் எவ்வளவு காயும் என்று அவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நல்ல உணர்வுள்ள கால் துள்ளி நிழலுக்கு ஓடிவிடும், மரத்த கால் நிதானமாக நடந்து வெந்துபோகும். விடுமுறைக்கு வந்து ஒரே நாளில் நான்கைந்து கோயில்களைப் பார்க்கத் திட்டமிடும் சர்க்கரை நோயாளிகள் விடியற்காலையிலோ விளக்கேற்றும் நேரத்திலோ செல்வதும், இரவில் இரண்டு உள்ளங்கால்களையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் நல்லது. வீட்டுக்குள் நடக்கவும் செருப்பு வேண்டும் என்றார்கள். எம்சிஆர் என்று கேட்டால், உட்புறம் மெத்தென்ற நுண்துளை ரப்பரும் அடியில் கெட்டி ரப்பரும் வைத்த செருப்பைத் தருகிறார்கள். குதிகாலில் பட்டை உள்ளதைத்தான் வாங்க வேண்டும், ஏனெனில் மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று விழுவதே பல நேரம் தெரிவதில்லை. இங்கிலாந்தில் வாங்கும் அலங்காரச் செருப்பைவிட இது பல மடங்கு மலிவு. பார்க்க அழகில்லை என்பது மட்டும்தான் குறை.

அம்மாவின் முழங்காலுக்கு முதலில் சென்ற தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த சில நிமிடங்களிலேயே மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கான செலவுத் தாள் கைக்கு வந்துவிட்டது. செயற்கை மூட்டுகளின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது, அதனால் பழைய விலை இல்லை என்று ஆறுதல் வேறு சொன்னார்கள். அம்மா கோலம் போடக் குனிகிறார், கடைத்தெருவுக்கு நடந்து போய் வருகிறார், இரவில் வலியால் விழிப்பதில்லை. அப்படிப்பட்டவருக்கு முதல் நாளே அறுவை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையுமே சிகிச்சையின் மையமாக வைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருவோரின் பெட்டியில் தவறாமல் இருக்கும், மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமின் புட்டியை அது பரிந்துரைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆகவே வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அமர்த்தினோம். ஸ்கூட்டரில் வந்து, அம்மாவை "ஆச்சி" என்று உரிமையோடு அழைத்து, வேலை வாங்கிய பெண் அவர். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை நிறுத்துவது, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, கையால் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது என எல்லாமே தொடைத் தசைக்கு வலுவூட்டும் எளிய பயிற்சிகள். தரையில் சம்மணமிட்டு அமர்வதை நிறுத்தி, கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தச் சொன்னவரும் அவர்தான். அந்தக் கம்பிக்கு ஆன செலவைப் பார்த்தால், அதுதான் இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த மருத்துவச் செலவு. தனியாரை அமர்த்த வசதியில்லாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைப் பயிற்சியைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். எங்கள் தெருவிலேயே இரத்த அழுத்த மாத்திரைகளை அத்திட்டத்தின் வழியாக வீட்டில் பெறுவோர் இருக்கிறார்கள்.

1964-இல் தொடங்கப்பட்ட பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் வெளிநோயாளர் பிரிவுக்கு அம்மாவின் விருப்பத்துக்காகவே சென்றோம். கூட்டம் அதிகம், வரிசை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், மலச்சிக்கல் உண்டா என்றெல்லாம் கேட்டது அங்கே மட்டும்தான். அழல் கீல்வாயு (மூட்டுத் தேய்மானத்துக்குச் சித்த மருத்துவப் பெயர்) என்று எழுதி, மேலே பூசத் தைலமும், நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கும் முறையும் சொன்னார்கள். தைலம் வாங்கப் பாட்டிலை நாமே கொண்டு செல்ல வேண்டும் என்பது முதல்முறை போவோருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. பத்தியமாகப் புளி, வாழைக்காய், உருளைக்கிழங்கு, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார்கள். வாழைக்காய்க்கும் மூட்டுக்கும் என்ன பகை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் வறுவலும் வடையும் நின்றால் எடை குறையும் என்பது விளங்குகிறது. எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பத்தியம் எந்த வழியில் வேலை செய்தாலும் அம்மாவுக்கு இலாபமே.

சித்த மருத்துவம் என்ற பெயரில் வெளியே விற்கும் பெயரில்லாப் பொடிகள் வேறு வகை. எதிர்வீட்டுப் பெரியவர் பொட்டலத்தில் வாங்கிய "வலிப் பொடி" இரண்டே நாளில் வலியைப் போக்கியது. கூடவே முகம் ஊதிச் சர்க்கரையும் ஏறியது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது மருத்துவர்கள் பலமுறை எச்சரித்த விஷயம். தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத எதையும் வாங்க வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மாற்றங்களைப் பெரும்பாலும் மகாராஜ நகர் உழவர் சந்தையிலிருந்தே தொடங்க முடிந்தது. முடக்கத்தான் கீரையும் பிரண்டையும் அங்கே கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. கீரையைத் தோசை மாவில் அரைத்தும், பிரண்டையை நன்றாக வதக்கிப் புளியோடு துவையலாக்கியும் சாப்பிடுகிறோம். வதக்காத பிரண்டை நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். புளியைக் குறைக்கச் சொன்ன பத்தியத்தில் இந்தத் துவையலுக்கு மட்டும் அம்மா விலக்கு வாங்கிக்கொண்டார். இவை நல்ல உணவுகள், தேய்ந்த ஜவ்வை வளர்க்கும் மருந்துகள் அல்ல என்பது என் கருத்து. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது புரதம். யூரிக் அமிலம் ஏறிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா பருப்பையும் பயற்றையும் ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார்; அவருடைய யூரிக் அமிலமோ இயல்பான அளவில்தான் இருந்தது. யூரிக் அமிலம் ஏறி வரும் கீல்வாதத்தின் (கவுட்) ஆபத்தைக் கூட்டுபவை ஆட்டிறைச்சி, ஈரல், நெத்திலி போன்ற மீன்கள், பீர் ஆகியவை; பருப்பை அந்த வரிசையில் வைக்க முடியாது. தொடைத் தசை வலுப்பட வேண்டிய வயதில் மூன்று இட்லியும் ஒரு தம்ளர் காப்பியும் காலை உணவாகாது என்பதால், மாலையில் முறுக்குக்குப் பதில் சுண்டல், மதியம் தயிர், வாரத்தில் இரண்டு நாள் கறுப்பு உளுந்தில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் என்று மாற்றினோம். உளுந்தஞ்சோறு எங்கள் பக்கத்து உணவு. யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.

எனக்கு விதிகள் சற்று வேறு. கேழ்வரகின் 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, எலும்புக்கு நல்லது. ஆனால் அதைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறுவதை என் மீட்டரிலேயே பார்க்கலாம். கருப்பட்டிக் காப்பியும் அப்படியே. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி சேரும் என்பது எங்கள் மாவட்டமே கூட்டாக நம்பும் ஒரு சமாதானம். சோற்றைக் குறைத்துக் கூட்டையும் பொரியலையும் இருமடங்காக்கியதும், சாப்பிட்ட பின் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும்தான் மீட்டரில் தெரிந்த மாற்றங்கள். நரம்புக்கான உணவு என்று தனியாக ஒன்று இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் பி12 குறையாமல் இருப்பதும்தான் நரம்புக்கு ஊட்டம்.

திரும்பும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. எரிச்சலுக்கு ஊரில் எளிதாக எழுதித் தரப்படும் பிரிகாபலின், பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மூன்று மாத அளவுக்குக் குறைவாக, மருத்துவரின் கடிதத்தோடு மட்டுமே கொண்டு செல்ல வேண்டும். முடிவுத் தாள்களில் எச்பிஏ1சி சதவிகிதமாக இருக்கும், பிரிட்டன் மருத்துவர் வேறு அலகில் பேசுவார். 7 சதவிகிதம் என்பது பிரிட்டனில் 53, 8 சதவிகிதம் என்பது 64. அம்மாவின் பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை தொடர்ந்து வருகிறார், கட்டணத்தை நான் ரெடிங்கிலிருந்தே அனுப்புகிறேன். என் எச்பிஏ1சி அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. பி12 அளவையும் அதே நாளில் பார்க்கும்படி இங்குள்ள மருத்துவரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.