பார்த்துப் போடுவதா, இஷ்டத்துக்கு விடுவதா, எதிரே வைத்து வரைவதா?

பிள்ளையை ஓவிய வகுப்பில் சேர்க்கும்போது கட்டணம், தூரம், நேரம் எல்லாம் விசாரிக்கிறோம். எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால், பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: படத்தைப் பார்த்துப் படம் போடுவது, பிள்ளையை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது, ஒரு பொருளை எதிரே வைத்து வரையச் சொல்வது. மூன்றுக்கும் கட்சி கட்டிப் பேச ஆள் உண்டு. பத்து வயதைத் தொட்ட பிள்ளை என்றால் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

பார்த்துப் போடும் முறைக்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது. பிரான்சில் 1860களின் கடைசியில் சார்ல் பார்க் என்ற ஓவியர், ழெரோம் என்ற இன்னொரு ஓவியருடன் சேர்ந்து பயிற்சித் தாள்களை வெளியிட்டார். சிலைகள், உருவங்கள் அச்சிட்ட அந்தத் தாள்களைக் கோடு பிசகாமல் நகலெடுக்க வேண்டும். வான்கோகூட ஆரம்பத்தில் அவற்றை வைத்துத்தான் கையைப் பழக்கினார். இன்றைக்கு அந்த இடத்தில் செல்போன் வீடியோ. ஒரு வட்டம், மேலே இரண்டு முக்கோணம், மீசை, பூனை ரெடி. பத்து நிமிடத்தில் ஒரு படம் கைக்கு வந்துவிடும்; பெற்றவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் அதே பூனை சுருண்டு படுத்திருப்பதாக வரையச் சொல்லுங்கள், கை அப்படியே நின்றுவிடும். பிள்ளை கற்றுக்கொண்டது அந்த ஒரு படத்தின் வரிசையை மட்டுமே.

அதற்காக நகலெடுப்பதே பாவம் என்று ஒதுக்கவும் முடியாது. காமிக்ஸ் பார்த்து வரைகிற பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கண், மூக்கு, விரல் மடிப்பு எல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒக்காடா, இஷிபாஷி இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவாரசியமானது. கல்லூரி மாணவர்களை அவர்களுக்குப் பழக்கமில்லாத பாணி ஓவியம் ஒன்றை நகலெடுக்கச் சொன்னார்கள். அப்புறம் சொந்தமாக வரைந்தபோது அவர்களின் படங்களில் புதுமை கூடியிருந்தது. பழக்கமில்லாத பாணி என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் போடுகிற அதே பூனையை நூறாவது முறை போட்டு அது வராது.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். வியன்னாவில் 1897இல் பிள்ளைகளுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக், பிள்ளைகளின் படம் பெரியவர்கள் படத்தின் அரைகுறை வடிவம் இல்லை, தனிக் கலை என்றார். பின்னால் வந்த ஓவியக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டுக்குக் கலரிங் புக் என்றாலே ஆகாது. ஏழெட்டு வயது வரை இவர்கள் சொல்வது அப்படியே சரி. ஆறு வயதுப் பிள்ளை வீட்டைவிட உயரமாக அம்மாவை வரைந்தால் அதைத் திருத்த யாருக்கும் வேலையில்லை.

சிக்கல் ஒன்பது, பத்து வயதில் வருகிறது. வரைந்தது நிஜம் போல இருக்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிள்ளைக்கு வரும். லோவன்ஃபெல்டே தன் வளர்ச்சிக் கட்டங்களில் இதைக் குறித்திருக்கிறார். கண் வளர்ந்துவிடும், கை பின்தங்கும். "முகம் சரியா வரல மிஸ்" என்று வந்து நிற்கும் பிள்ளையிடம் "உனக்குத் தோன்றுவதை வரைம்மா, எல்லாமே அழகுதான்" என்றால் அது பதிலே ஆகாது. சுதந்திரம் என்ற பெயரில் கைவிடுவது அது. "எனக்கு வரைய வராது" என்று பலர் பென்சிலைக் கீழே வைப்பது இந்த வயதில்தான்.

எதிரே வைத்து வரைவது அங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு கப்பை மேசையில் வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வாயை நல்ல வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடுவார்கள். வாய் உருண்டை, மேசை தட்டை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள், தெரிவதை இல்லை. இப்போது கப்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கிக் காட்டுங்கள்: வாய் ஒரு கோடாகிவிடும். மெல்ல இறக்கினால் அந்தக் கோடு பிளந்து நீள்வட்டமாகி, இறங்க இறங்க அகலமாகும். அடிப்பக்கமும் வளைவுதான், வாயைவிடக் கொஞ்சம் கூடுதலான வளைவு. இதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளை வாளி, தொப்பி, சக்கரம் எதையும் தானே சமாளிக்கும். நாற்காலி என்றால் காலை விட்டுவிட்டுக் கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை வரையச் சொல்லலாம். படத்தைத் தலைகீழாக வைத்து வரையும் பயிற்சியும் இதே ரகம். 1979இல் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற ஓவிய ஆசிரியை அதைப் பிரபலமாக்கினார். வரைவது வலது மூளை வேலை, பேச்சு இடது மூளை வேலை என்று அவர் சொன்ன விளக்கத்தை இன்றைய மூளையியல் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி என்னவோ வேலை செய்கிறது.

இந்த முறையின் குறை வறட்சி. மாசக்கணக்கில் உருண்டைக்கும் கூம்புக்கும் ஷேடிங் போடச் சொன்னால் யாராக இருந்தாலும் ஓடிவிடுவார்கள். அதனால் பாதி நேரம் கப்பைப் பார்த்து வரையட்டும். மீதி நேரம் அந்தக் கப்புக்குள் யார் குடியிருக்கிறார், ஜன்னல் எங்கே, மழை பெய்தால் என்ன செய்வார் என்று வரையட்டும். கற்பனை அங்கே தாராளமாக வரும், அதைத் தாளில் இறக்கக் கையும் தயாராக இருக்கும். காமிக்ஸ் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். டேப்லெட் பின்னால் வரட்டும். தப்பான கோட்டை ஒரு தட்டலில் அழிக்க முடிந்தால், அது ஏன் தப்பு என்று பார்க்கப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது.

வகுப்பில் சேர்க்கும் முன் சுவரைப் பாருங்கள். இருபது பிள்ளைகளின் பெயரில் ஒரே மலை, ஒரே சூரியன், ஒரே படகு தொங்கினால் அது பார்த்துப் போடும் ரகம். அப்புறம் ஆசிரியர் திருத்துவதைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பிள்ளையின் தாளிலேயே கோடு போட்டுச் சரிசெய்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறவரா, தாளின் ஓரத்திலோ வேறு தாளிலோ வரைந்து காட்டி, "இப்ப கப்பைப் பாரு" என்கிறவரா? இரண்டாமவர் என்றால் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் சேர்த்துவிடலாம்.