கடிகாரமா, குழந்தையா: பால் கொடுக்கும் நேரத்தை யார் சொல்வது?

மூத்தவனுக்கு மணி பார்த்துப் பால் கொடுத்தேன். இளையவளுக்குக் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். இரண்டையும் செய்து பார்த்தவள் என்பதால், இரண்டு கட்சிக்காரர்களும் சொல்வதில் எது விஷயம், எது வீம்பு என்று ஓரளவு தெரியும். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்து முதல் ஆறு வாரத்துக்காவது குழந்தை சொல்வதுதான் நேரம். கடிகாரத்துக்கும் வேலை இருக்கிறது, ஆனால் நாம் வழக்கமாக அதற்குக் கொடுக்கும் வேலை அல்ல.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் என்ற கணக்கைப் பரப்பியவர்களில் பெரிய பெயர் நியூசிலாந்தின் ட்ரூபி கிங். மனநல மருத்துவமனை ஒன்றை நிர்வகித்தவர். அதன் பண்ணையில் கன்றுக்குட்டிகளுக்குத் தீனி போட்டுப் பார்த்ததிலிருந்து குழந்தை உணவின் பக்கம் வந்தார். குழந்தை நலத்துக்காக 1907இல் அவர் தொடங்கிய ப்ளங்கெட் சங்கத்தின் வழியே அவருடைய முறை பல நாடுகளுக்குப் போனது: நான்கு மணி நேர இடைவெளி, இரவில் பால் இல்லை. அவரை வில்லனாக்க வேண்டாம். தாய்ப்பால்தான் சிறந்தது என்று உரக்கச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவது சாதாரணமாக இருந்த காலம் அது. சுத்தமும் ஒழுங்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் என்று நம்பினார். சுத்தம் காப்பாற்றியது. நான்கு மணி நேரம்தான் தேவையில்லாத ஒட்டு.

1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலுக்கான பத்துப் படிகளை வெளியிட்டபோது, எட்டாவது படியில் ‘கேட்கும்போது கொடுக்க ஊக்குவியுங்கள்’ என்ற கருத்து இருந்தது. 2018இல் திருத்தியபோது, குழந்தையின் குறிப்பை அறிந்து அதற்கேற்பக் கொடுக்கத் தாய்க்கு உதவுங்கள் என்று மாற்றினார்கள். சின்ன மாற்றம்போலத் தெரியும். எனக்கு இதுதான் முக்கியமானதாகப் பட்டது. கேட்பது என்றால் அழுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அழுகை கடைசியில் வருவது. அதற்கு முன்னால் நடப்பதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கண் மூடியே இருக்கும், ஆனால் இமைக்குள் விழி உருளும். உதடு சப்பும். தலை ஒரு பக்கம் திரும்பி, வாய் கொஞ்சம் திறந்து எதையோ தேடும். கன்னத்தில் துணி பட்டால் அந்தப் பக்கமே திரும்பும். அப்புறம் முஷ்டி வாய்க்குப் போகும். இந்த நேரத்தில் எடுத்தால் அமைதியாக வாயை அகலத் திறந்து பிடிக்கும். இதை விட்டுவிட்டால் கை கால் உதைத்து, முகம் சிவந்து, அலறல். அலறும் குழந்தையின் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், பிடிப்பு சரியாக அமையாது, காம்பு புண்ணாகும். மூத்தவனிடம் எனக்கு நடந்தது அதுதான். சுவரில் அட்டவணை. மணி இரண்டு நாற்பது, அடுத்த பால் மூன்று மணிக்கு. அந்த இருபது நிமிடம் அவனைத் தோளில் போட்டு நடந்தேன். மூன்றானதும் கொடுத்தால், அழுத களைப்பில் நாலு வாய் குடித்துத் தூங்கிவிடுவான். நாலு மணிக்கு மறுபடியும் எழுவான். ‘இப்பத்தானே குடிச்சான், அதுக்குள்ள பசியா?’ என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பால் போதவில்லை என்று முடிவும் கட்டிவிட்டார்கள்.

போதாமல் இல்லை. கணக்குதான் தப்பு. பால் சுரப்பது வெளியே எடுப்பதைப் பொறுத்தது. மார்பு நிறைந்திருந்தால் சுரப்பு மெதுவாகும், காலியாக இருந்தால் வேகம் பிடிக்கும். ஆகவே இடைவெளியை இழுத்துப் பிடித்தால் உடம்புக்குப் போகும் செய்தி, ‘இவ்வளவு வேண்டாம்’ என்பதுதான். பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் இரவில் அதிகம் இருப்பதால், இரவுப் பாலைத் தவிர்க்கச் சொன்னது இன்னொரு அடி.

இதைவிட அட்டவணைக்காரர்கள் கணக்கில் எடுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் எவ்வளவு பால் சேர்த்துவைக்க முடியும் என்பது தாய்க்குத் தாய் வேறு. மார்பின் வெளி அளவை வைத்து அதைச் சொல்லிவிடவும் முடியாது. ஒரு நாளுக்கு ஒரே அளவு தண்ணீர் பிடிக்கும் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பெரிய குடம், இன்னொன்றில் சின்னக் குடம். சின்னக் குடக்காரி அதிக நடை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவளிடம் ‘நான்கு மணி நேரத்துக்கு ஒரு நடைதான்’ என்றால் வீட்டில் தண்ணீர் பற்றாது. பெரிய குடக்காரிக்கு அதே அட்டவணை அட்டகாசமாக ஒத்துப்போகும், அவள் அதை ஊரெல்லாம் சிபாரிசும் செய்வாள்.

ஆஸ்திரேலியாவில், தாய்ப்பால் மட்டுமே குடித்த, ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளை அளந்து பார்த்து 2006இல் வெளியான ஆய்வு இதைச் சொல்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எண்ணினால் 24 மணி நேரத்தில் சராசரி 11 தடவை. ஆனால் 6 தடவை குடித்த குழந்தையும் உண்டு, 18 தடவை குடித்ததும் உண்டு. ஒரு நாளின் சராசரி 788 கிராம். எத்தனை தடவை என்பதற்கும் மொத்த அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்த 18காரரின் அம்மாவிடம் நான்கு மணி அட்டவணையை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சரி, கடிகாரத்தின் பக்கம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, தூக்கம். இதை மழுப்பக் கூடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை அலசி 2013இல் ஓர் ஆய்வு வந்தது. மணி பார்த்துக் கொடுத்த தாய்மார் நன்றாகத் தூங்கினார்கள், மனமும் அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. அவர்களுடைய குழந்தைகள் 8 வயதில் ஐக்யூ சோதனையில் 4 முதல் 5 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். காரணம் இதுதான் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, வெறும் கவனிப்பு ஆய்வு அது. அட்டவணை போட முயன்று முடியாமல் போனவர்களின் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைப்போல நன்றாகவே செய்தார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடித்த வரி. தோற்றவர்களுக்கும் ஒரு ஆறுதல்.

இளையவளின் முதல் மாதத்தில் நான் ஒழுங்காகத் தூங்கவே இல்லை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பதுவரை விடாமல் குடிப்பாள். பல குழந்தைகள் செய்வதுதான், பால் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நாலு மணி நேரம் சோபாவை விட்டு எழ முடியாது. பக்கத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கவும், குழந்தை விட்டதும் வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லாத வீட்டில், ‘கேட்கும்போதெல்லாம் கொடு’ என்பது உபதேசமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஒருத்தி இரண்டாம் மாதத்துக்குமேல் ஒரு ஒழுங்கை மெல்லக் கொண்டுவந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி கடிகாரத்தின் உண்மையான வேலை. எல்லாக் குழந்தையும் கேட்காது. குறைமாதத்தில் பிறந்தது, மஞ்சள் காமாலை உள்ளது, வலி மருந்தின் மயக்கம் தெளியாதது, இவையெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கும். ‘சமத்துக் குழந்தை’ என்று பெயர் வாங்கியபடியே எடை இறங்கும். பால் குறைந்தால் மலம் குறையும், மலம் குறைந்தால் மஞ்சள் நிறமி குடலிலிருந்து திரும்பவும் இரத்தத்துக்குள் போகும், அதில் இன்னும் தூக்கம். ஆகவே முதல் நாட்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. பிறந்த எடை திரும்பும்வரை, முந்தைய பால் தொடங்கி 4 மணி நேரம் கடந்தால் எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குமேல் நாளைக்கு 6 ஈர டயப்பராவது வேண்டும். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும். இதில் எது தவறினாலும் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், ‘கேட்கட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது.

அதாவது, தூங்கும் குழந்தையை எழுப்பக் கடிகாரம் நல்லது. பசித்த குழந்தையைக் காக்கவைக்க அது ஆகாது.

பால் பவுடர் கொடுப்பவர்களுக்கு? தாய்ப்பாலைவிட அது மெதுவாகத்தான் இரைப்பையை விட்டு இறங்கும், எனவே இடைவெளி தானாகவே நீளும். அங்கே இருக்கும் வம்பு வேறு: பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் குடித்து முடிக்கச் சொல்லி அழுத்துவது. தலையைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும்.

இரட்டைக் குழந்தைகள் என்றால் மட்டும் என் கட்சியிலிருந்து நான் விலகிவிடுவேன். தோழி ஒருத்தி இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனியே குறிப்புப் பார்த்துக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள், எதற்குக் கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை என்பதே மறந்து அழுதாள். அப்புறம், ஒன்று எழுந்தால் மற்றதையும் எழுப்பி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். நேரத்தை அப்போதும் ஒரு குழந்தைதான் சொன்னது. இன்னொன்றுக்கு அது அலாரம்.